மரத்தை விட்டு நகர முடியாத இனத்தைக் கதாபாத்திரமாக ஆட முடியுமா?

பகடைக்காரன்

எங்கள் குழுவுக்குப் புது உலகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. விதிகள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, கொஞ்சம் சொந்தச் சரக்கு. அதில் வேர்க்குடி என்று ஓர் இனம். ஆளுக்கு ஒரு மரம். மரம் முளைக்கும்போது பிறக்கிறார்கள், மரம் பட்டுப்போனால் சாகிறார்கள். காட்டை விட்டு வெளியே போக முடியாது.

எழுதும்வரை நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஆட்டக்காரர்களில் ஒருத்தி வேர்க்குடியாகத்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். கதையோ மூன்றாவது அமர்விலேயே துறைமுகத்துக்குப் போகிறது, அப்புறம் கடல், அப்புறம் பாலைவனம். கட்டை அவிழ்த்துவிட்டால் அவள் பச்சைச் சாயம் பூசிய எல்ஃப் (கற்பனை உலகங்களில் வழக்கமாக வரும் கூர்க்காது இனம்), அவ்வளவுதான். அவிழ்க்காவிட்டால் இரண்டாவது அமர்வுக்கு மேல் அவளுக்கு வேலையே இல்லை. யாராவது இப்படி ஓர் இனத்தை ஆட வைத்திருக்கிறீர்களா?

குட்டிச்சாத்தான்

தொட்டிச் செடி. முதுகில் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். பிரச்சினை முடிந்தது.

நிழல்வாசி

தொட்டிச் செடி யோசனை எல்லாக் குழுவிலும் வரும். முதல் நாள் சிரிப்பு வரும், மூன்றாம் நாள் எல்லோரும் செடியை மறந்துவிடுவார்கள்.

விதியைப் பார்ப்போம். மூன்றரைப் பதிப்பில் டிரையட் எனப்படும் மரப்பெண்ணுக்குத் தெளிவாக ஒரு வரி இருந்தது: தன் ஓக் மரத்திலிருந்து 300 கஜத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் நோயுற்று, நான்கு அறுமுகப் பகடைகளை உருட்டி வரும் எண்ணிக்கை மணி நேரத்துக்குள் மரணம். அதாவது குறைந்தது 4 மணி நேரம், அதிகபட்சம் 24. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த அளவுக் கணக்கே காணோம். விவரிப்பில் மரத்தோடு பிணைப்பு உண்டு என்று எழுதிவிட்டு, திறன் பட்டியலில் ஒரு பெரிய மரத்துக்குள் நுழைந்து 60 அடிக்குள் இருக்கும் இன்னொரு மரத்தில் வெளியே வரும் வித்தையைக் கொடுத்துவிட்டார்கள். பிணைப்பு அலங்காரமாகவும் வித்தை ஆயுதமாகவும் ஆகிவிட்டது.

என் கட்சி பழைய விதிதான். 300 கஜம் என்பது கொடூரம், ஆனால் அது ஒரு *முடிவு* எடுக்க வைக்கிறது. நண்பன் 400 கஜத்தில் அடிபட்டுக் கிடக்கிறான், போவாயா? இந்தக் கேள்வி எல்ஃபுக்கு வராது.

பகடைக்காரன்

அது ஒருமுறை வரும் கேள்வி. நான் கேட்பது வாரா வாரம் வரும் ஆளைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறவளை மூன்று மணி நேரம் மரத்தடியில் உட்கார வைக்க முடியாது.

ஓலைச்சுவடி

விளையாட்டு விதி எனக்குத் தெரியாது. கிரேக்கக் கதைகளைக் கொஞ்சம் படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீளமாக இருக்கும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெண், மரத்தோடு பிறந்து மரத்தோடு சாகிறவள், இது ஹமாட்ரையட். ஹோமரின் பெயரில் வழங்கும் அஃப்ரோடைட்டி துதியில் இவர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. இவர்கள் பிறக்கும்போது மலையில் ஓக்கும் ஊசியிலை மரமும் முளைக்கின்றன. மனிதர்களும் அல்லர், சாகாத தெய்வங்களும் அல்லர், நடுவில் இருக்கிறார்கள். சாவு நெருங்கினால் முதலில் மரம் வாடுகிறது, பட்டை சுருங்குகிறது, கிளை விழுகிறது, அதோடு அவள் உயிரும் வெளிச்சத்தை விட்டுப் போகிறது. அதே இடத்தில் இன்னொரு குறிப்பு: அந்த மரங்களை மனிதர் யாரும் இரும்பால் வெட்டுவதில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் மற்றக் கதைகள் எல்லாம் மீறுகின்றன. எரிசிக்தோன் என்பவன் பயிர்த் தெய்வம் டெமிட்டரின் தோப்பில் மரத்தை வெட்டுகிறான். அடங்காப் பசி பிடித்து, ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் வடிவத்தில் கடைசியில் தன் உடம்பையே தின்கிறான். எதற்காக வெட்டினான்? கிரேக்கக் கவிஞர் கல்லிமாக்கஸ் காரணம் சொல்கிறார்: விருந்து மண்டபத்துக்குக் கூரை போட. அவன் காட்டை அழிக்கக் கிளம்பிய அரக்கன் இல்லை, வீடு கட்டுகிறவன். ஆர்கோ கப்பல் காவியத்தில் பரைபியோஸ் என்று ஓர் ஏழை வருகிறான். என்ன உழைத்தாலும் அவனுக்கு ஒட்டவே ஒட்டாது. அவன் அப்பா ஒரு காலத்தில் ஓக் மரத்தை வெட்டப்போனார், உள்ளிருந்தவள் கெஞ்சினாள், கேட்கவில்லை. சாபம் பிள்ளைக்கும் வந்தது. பரிகாரம் என்ன தெரியுமா? அவளுக்குப் பலிபீடம் கட்டிப் படையல் போடுவது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சமாதானம் பேசுகிற மாதிரி.

எதிர்ப்பக்கமும் உண்டு. நைடஸ் ஊர் ரோய்கோஸ் விழப்போன ஒரு மரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னான். உள்ளே இருந்தவள் நன்றியோடு என்ன வேண்டும் என்றாள், அவன் அவளையே கேட்டான். சரி, தேனீ வழியாகச் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். தேனீ வந்த நேரம் அவன் காய் நகர்த்தும் விளையாட்டில் மும்முரம். தேனீயை எரிந்து விழுந்து விரட்டினான். அவள் அவனை முடமாக்கிவிட்டாள். (பகடைக்காரன், இது உங்கள் குழுவுக்கான எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.)

நான் சொல்ல வருவது: இந்தக் கதைகளில் "இயற்கையின் காவலர்" யாரும் இல்லை. ஒவ்வொன்றும் மரக்கட்டை யாருக்கு என்ற வழக்கு. அவளுக்கு அது உடம்பு, இவனுக்கு உத்தரம். வேர்க்குடியைப் பச்சை ஆடை கட்டிய போலீஸாக எழுதாமல், நிலத்தில் உரிமை உள்ள அண்டை வீட்டாராக எழுதுங்கள். துறைமுகம் என்றீர்களே, அங்கே கப்பல் கட்ட மரம் எங்கிருந்து வருகிறது?

பகடைக்காரன்

துறைமுகத்து மரம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது தூக்கம் வராது.

குட்டிச்சாத்தான்

கிரேக்கம் வரைக்கும் எதற்கு? நம் ஊர்ப் புளியமரத்து முனி போதாதா? அதுவும் மரத்தை விட்டு நகராதுதானே.

கருங்காலி

முனி நகரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் தாத்தா ஊரில் டூரிங் டாக்கீஸ் வரை வரும் என்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்றங்கால், மரம் என்றே பிழைப்பு நடத்துகிறவன் நான். இந்த மாதிரிக் கதைகளில் என்னை உறுத்துவது, எழுதுகிறவர்கள் மரத்தை ஒரு பெரிய மனிதன் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். தண்டுக்குள் நடுவில் இதயம் இருக்கும், அங்கே குத்தினால் சாவு. அப்படி இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டை செத்த திசு. கோயில் வாசலில் உள்ளே பொந்தாகிப்போன மரம் தளதளவென்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிர் இருப்பது பட்டைக்கு அடியில் மெல்லிய ஒரு சுற்றில், பிறகு வேர் நுனியிலும் மொட்டிலும். பட்டையைச் சுற்றிலும் ஒரு வளையமாக உரித்துவிட்டால் போதும். தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், இலை பச்சையாகவே நிற்கும், ஆனால் இலை சமைத்த சாப்பாடு கீழே இறங்காது. வேர் பட்டினியில் சாகும். சில மரம் ஒரு பருவம் முழுக்க நின்று சாகும்.

உங்கள் கதைக்கு இதைவிட நல்ல கொலை கிடையாது. கோடரிச் சத்தம் இல்லை. ஒரே ஒரு ராத்திரி, ஒரு கத்தி. வேர்க்குடிப் பெண் மறுநாள் எழுந்து நடமாடுவாள், பேசுவாள், சண்டை போடுவாள். தான் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டது அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது, "ஆளுக்கு ஒரு மரம்" என்பதே ஓக் நாட்டுக் கணக்கு. ஹௌரா தாவரவியல் தோட்டத்து ஆலமரத்துக்கு அடிமரமே இல்லை. பூஞ்சை பிடித்ததால் 1925-இல் அதை வெட்டி அகற்றிவிட்டார்கள். 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளில் மரம் தன் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பவள் 1925-இல் செத்தாளா? அமெரிக்காவின் யூட்டாவில் பாண்டோ என்கிற ஆஸ்பென் காடு, ஏறத்தாழ 43 ஹெக்டேர், 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே வேர்த்தொகுதி, மரபணு ஒன்றே. அங்கே 47,000 பேரா, ஒருத்தியா?

அப்புறம் மூங்கில். மிசோரத்தின் முளி மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும், பூத்தால் காடு மொத்தமும் ஒரே காலத்தில் பூத்துச் சாகும். 1959-இல் பூத்தது, அடுத்து 2007-இல். அந்த ஊரில் அதற்கு மௌதாம் என்று பெயர். காய்களைத் தின்று எலி பெருகும், காய் தீர்ந்ததும் எலி வயலுக்கு வரும், பஞ்சம். 1959 பஞ்சத்தில் நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் மிசோ தேசிய முன்னணியாக மாறி 1966-இல் ஆயுதம் எடுத்தது. ஒரு பூ பூத்ததிலிருந்து கிளர்ச்சி வரைக்கும்.

குட்டிச்சாத்தான்

இருங்க. மூங்கில்குடி என்று ஓர் இனம் இருந்தால் அத்தனை பேருக்கும் சாகும் ஆண்டு முன்கூட்டியே தெரியும். எல்லோரும் ஒரே வயது. பாட்டி கிடையாது, தாத்தா கிடையாது. பிள்ளைகளை எலி தின்னும். எனக்கு இதுதான் வேண்டும், நான் மூங்கில்.

நிழல்வாசி

பிள்ளைகளுக்குக் கதை சொல்லக்கூட ஆள் இருக்காது. தங்கள் வரலாற்றை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்கள்? பக்கத்து ஊர் மனிதர்களிடம். ஓலைச்சுவடி சொன்ன அண்டை வீட்டார் விஷயம் இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் அந்த மனிதர்களுக்கு அந்த ஆண்டு பஞ்சம் வரும், எலியை மூங்கில்காரர்கள்தான் அனுப்பினார்கள் என்று கோபமும் இருக்கும். சொன்ன கதையைத் திருத்திச் சொல்வார்கள்.

வெள்ளெருக்கு

இந்தியக் கதையிலும் இந்த வழக்கு இருக்கிறது, கிரேக்கத்துக்குச் சற்றும் குறையாதது. பத்தசால ஜாதகம், புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்று. காசி அரசன் பிரம்மதத்தனுக்கு ஒற்றைத் தூண் மாளிகை வேண்டும். (மறுபடி கட்டடம்தான், ஓலைச்சுவடி.) அதற்கேற்ற மரம் அவன் தோட்டத்திலேயே நிற்கும், மக்கள் கும்பிடுகிற சால மரம். அதை வெட்டப்போகிறோம் என்று விளக்கேற்றி மாலை போட்டு மரத்திடமே முன்கூட்டிச் சொல்கிறார்கள். அந்த மரத்துத் தேவதை ராத்திரி அரசனிடம் வருகிறது. வெட்டாதே என்று முதலில் வாதாடுகிறது. அவன் மசியவில்லை. அப்படியென்றால் ஒரு வேண்டுகோள் என்கிறது: என்னை அடியில் வெட்டிச் சாய்க்காதே, நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டு.

அரசனுக்குப் புரியவில்லை. கையைக் காலைத் தனித்தனியாக வெட்டுவது இன்னும் கொடிய சாவாயிற்றே, ஏன் என்கிறான். என்னைச் சுற்றி என் நிழலில் இளம் சால மரங்கள் வளர்ந்திருக்கின்றன, அவற்றில் என் சுற்றத்தார் இருக்கிறார்கள், நான் மொத்தமாக விழுந்தால் அவர்கள் நசுங்குவார்கள் என்கிறது. அரசன் மரத்தை விட்டுவிடுகிறான்.

விளையாட்டில் இதைச் சண்டைக் காட்சியாக ஆடவே முடியாது. ஒரு பகடையும் உருளாமல் வெறும் பேச்சிலேயே நடக்கிற காட்சி. நகர முடியாத கதாபாத்திரத்துக்கு அதுதான் பலம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு, பௌத்தத் துறவிகளுக்கான விதிநூலான விநய பிடகத்தில். ஆளவி ஊர்ப் பிக்கு ஒருவர் குடில் கட்ட மரத்தை வெட்டுகிறார். உள்ளே இருந்த தேவதை, உன் வீட்டுக்காக என் வீட்டை உடைக்காதே என்கிறது. அவர் கேட்காமல் வெட்ட, அடி அதன் குழந்தையின் கையில் விழுகிறது. கொன்றுவிடலாமா என்று தேவதை நினைத்து, அடக்கிக்கொண்டு புத்தரிடம் போய் முறையிடுகிறது. அவர் கோபத்தை அடக்கியதைப் பாராட்டிவிட்டு, இன்ன இடத்தில் ஒரு மரம் காலியாக இருக்கிறது, அங்கே போய் இரு என்கிறார். பிறகுதான் பிக்குகள் செடிகொடிகளைச் சிதைக்கக் கூடாது என்ற விதி வருகிறது.

குட்டிச்சாத்தான்

வீட்டு வசதி வாரியம்!

நிழல்வாசி

இரண்டாவது கதையை ஏற்க மாட்டேன். காலி மரத்துக்குக் குடிபோக முடியும் என்றால் அது குடியிருப்பவர், பிணைக்கப்பட்டவர் இல்லை. வாடகை வீடு இடிந்தால் கஷ்டம்தான், சாவு இல்லை. பகடைக்காரன் கேட்பது உடம்பே மரமான ஆளைப் பற்றி.

வெள்ளெருக்கு

பத்தசாலத்தில் இருப்பிடம் போனால் உயிரும் போகும் என்றுதான் தேவதை நினைக்கிறது. ஒரே மரபில் இரண்டும் இருக்கின்றன. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உங்கள் காட்டிலேயே சிலர் மரம் மாறலாம், சிலர் மாற முடியாது என்று வைத்தால் உள்ளுக்குள்ளேயே சாதி மாதிரி ஒன்று உருவாகும். மாறத் தெரிந்தவர்கள் மரம் விற்கச் சம்மதிப்பார்கள். மாற முடியாதவர்கள்?

நிழல்வாசி

சரி, இப்போது அது கதை. ஆனாலும் ஆட்டக்காரி எந்த வகை என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.

பனிக்காடு

எல்லைக் கணக்குக்கு ஸ்லாவியக் காட்டு ஆவி லேஷியைப் பாருங்கள். அது காட்டுக்குள் நிற்கும்போது மரத்தளவு உயரம், காட்டு விளிம்புக்கு வந்தால் புல்லளவு. 300 கஜத்தில் திடீரென்று சாவு என்பதைவிட இது அழகு. ஒவ்வொரு மைலுக்கும் பலம் ஒரு படி குறையட்டும். ஆள் சுருங்கட்டும். துறைமுகத்தில் அவள் ஒரு குழந்தை அளவு இருப்பாள். கூட வருகிறவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம்.

இன்னொரு துண்டு: லேஷி வழி தவறச் செய்தால் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டு, வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டால் வழி தெரியும் என்பார்கள். மேய்ப்பர்கள் அதனுடன் ஒப்பந்தமும் போட்டுக்கொள்வார்களாம், மாட்டைத் தொடாதே என்று.

பகடைக்காரன்

சுருங்குவது பிடித்திருக்கிறது, ஆனால் பாலைவனத்தில் அவள் கடுகாகிவிடுவாள். பலம் குறைவதை எந்த ஆட்டக்காரரும் வாரா வாரம் ரசிப்பதில்லை. பயணம் செய்ய ஒரு வழி வேண்டும், அதற்கு ஒரு விலையும் வேண்டும்.

ஓலைச்சுவடி

ஆர்கோ கப்பலே இருக்கிறதே. அதன் முகப்பில் டொடோனாவின் புனித ஓக்கிலிருந்து எடுத்த ஒரு கட்டையை அதீனா பொருத்தினாள். கட்டை பேசும். சும்மா வாழ்த்துப் பாடுவதும் இல்லை. கப்பல் தலைவன் ஜேசனும் அவன் காதலி மெடியாவும் மெடியாவின் சகோதரனைக் கொன்றபிறகு, சூனியக்காரி கிர்க்கே உங்களைத் தூய்மையாக்காமல் நீங்கள் கடலைத் தாண்ட முடியாது என்று நடுக்கடலில் சொல்வது அந்தக் கட்டைதான். மரம் வீட்டில் நிற்கும், அதன் ஒரு துண்டு ஊர் ஊராகப் போகும்.

கருங்காலி

துண்டு என்றால் எனக்குப் போதி மரம் ஞாபகம் வருகிறது. அனுராதபுரத்தில் நிற்பது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்பது இலங்கை மரபு. புத்தகயையில் நின்ற முதிய மரம் 1876-இல் புயலில் விழுந்தது, 1881-இல் கன்னிங்ஹாம் அங்கே கன்று வைத்தார். இப்போது எது மூலம், எது கிளை? வெட்டிய கொப்பை நட்டு வேர் விட்டால் தாவரக் கணக்கில் அது அதே மரம். ஒட்டுக்கட்டினாலும் அப்படித்தான். சேலத்து மல்கோவாத் தோப்பு முழுக்க ஒருத்திதான் இருக்கிறாள் என்று சொல்ல இடமுண்டு. விதையிலிருந்து முளைத்தால்தான் புது ஆள்.

அதனால் உங்கள் ஆட்டக்காரி கையில் ஒரு கொப்பு இருந்து, அதைப் பாலைவனத்துச் சோலை ஒன்றில் நட்டு அது துளிர்த்துவிட்டால், அங்கே இருப்பவள் அவளா? இரண்டு பேரும் ஒரே நினைவோடு தொடங்கி, அப்புறம் வேறு வேறு மழை பார்த்து வளர்வார்கள்.

பகடைக்காரன்

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், கல் எறியலாம்.

வேர்க்குடியின் உடம்பு மரம்தான், நடமாடுவது அதன் நினைவு. பயணம் போக அவள் தன் மரத்திலிருந்து ஒரு கொப்பை, தன் சம்மதத்தோடு, வேறொருவர் கையால் வெட்டி வாங்க வேண்டும். கொப்பு ஈரமாக இருக்கும்வரை அவள் அதனோடு எங்கும் நடக்கலாம், முழுப் பலத்தோடு. கொப்பு காய்ந்தால் அல்லது எரிந்தால் அவள் சாக மாட்டாள், மரத்தடியில் விழித்துக்கொள்வாள். மறுபடி புறப்பட இன்னொரு கொப்பு. ஒவ்வொரு வெட்டும் மரத்தின் மொத்த உயிர்ப்புள்ளியிலிருந்து (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) நிரந்தரமாகக் கழியும். வெட்டுகிற ஆளை அவள் நம்ப வேண்டும் என்பதால் குழுவில் ஒருவருக்காவது மரம் இருக்கும் இடம் தெரியும். அந்த ரகசியத்தை வைத்து நிறையச் செய்யலாம்.

கொப்பை வேறு மண்ணில் நட்டால் என்ன என்பதை விதியில் எழுதவில்லை. அது நடக்கும் நாளில் அவளே முடிவு செய்யட்டும்.

துறைமுகம் கப்பல் கட்டும் துறைமுகமாகிவிட்டது. அவர்கள் மரம் வாங்குவது வேர்க்குடிக் காட்டிலிருந்து. விற்பது மரம் மாறத் தெரிந்த வேர்க்குடிக்காரர்கள், நன்றி வெள்ளெருக்கு. குழு ஏறப்போகும் கப்பலின் முகப்புக் கட்டை அவளுக்குத் தெரிந்த குரலில் பேசும். பட்டை வளையம் உரிப்பதை அத்தனை சீக்கிரம் எடுக்கப்போவதில்லை, ஆனால் எடுப்பேன்.

நிழல்வாசி

சாவுக்குப் பதில் மரத்தடியில் விழிப்பது கொஞ்சம் சலுகைதான். ஆனால் உயிர்ப்புள்ளி நிரந்தரமாகக் கழிவதால் ஒப்புக்கொள்கிறேன். அவள் ஊரில் இல்லாதபோது மரத்தடியில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு அமர்விலும் நீங்கள் ரகசியமாக ஒரு பகடை உருட்ட வேண்டும். உருட்டுவது அவளுக்குக் கேட்க வேண்டும், எண் தெரியக் கூடாது.

குட்டிச்சாத்தான்

பாலைவனத்தில் ஒரு கொப்பு எத்தனை நாள் தாங்கும்?

கருங்காலி

என்ன மரம் என்பதைப் பொறுத்தது. முருங்கை, கிளுவை, பூவரசு என்றால் போத்து வெட்டி நிழலில் சாத்திவைத்தாலே துளிர்க்கும், வேலிக்கு அப்படித்தான் நடுகிறோம். வெட்டுவாயில் சாணி அப்பி ஈரச் சாக்கு சுற்றினால் இன்னும் தாங்கும். தேக்குக் கொப்பு அவ்வளவு சீக்கிரம் பிழைக்காது. ஆகவே முருங்கைக்குடி நாடோடி, தேக்குக்குடி வீட்டோடு கிடக்கும் பணக்காரர் என்று வையுங்கள். முருங்கைக் கிளை லேசில் முறியும், உயிர்ப்புள்ளியைக் குறைத்துக் கொடுங்கள்.

குட்டிச்சாத்தான்

மூங்கிலை ரத்து செய்கிறேன். நான் பனை.

கருங்காலி

பனைக்குக் கிளை ஏது? கொண்டையில் ஒரே ஒரு குருத்து, அதை வெட்டினால் மரமே போச்சு.

பகடைக்காரன்

அப்படியானால் பனைக்குடிக்காரர் காட்டு எல்லையிலேயே நிற்பார், வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கேள்வி கேட்பார், எங்கும் போகமாட்டார். அந்தப் பாத்திரம் என்னுடையது. குட்டிச்சாத்தான், நீங்கள் முருங்கை.